ஓர் அடி

மார்த்தா தீஸனுக்குத் தங்கப் பதக்கமாம்.
செய்தி வந்தபோது என் இடக்கையில் இரண்டு ஊசி.
வலக்கைப் பெருவிரலால் தள்ளித் தள்ளி வாசித்தேன்:
வடிவமைப்பின் தரத்துக்காக நாற்பத்தொரு ஆண்டுகள்,
கட்டடக் கலைஞர் சங்கத்தின் தலைமையில் இரண்டு தவணை.
வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது.
அவரோடு வேலை செய்யாத யாரோ எழுதியது.

வின்னிபெக்கில் நான் கட்டட ஒப்பந்தக்காரன்.
குலவீரசிங்கம் என்ற பெயரை
ஊரே 'குல' என்று வெட்டியபோது
முழுதாய்ச் சொல்லப் பழகியவர் அவர் ஒருவர்.
முழுப்பெயர் சொல்லித்தான் திட்டுவார்.

இதே கட்டடம்தான்.
செல்கேர்க் அவெனியூ, சிறுநீரகச் சிகிச்சை நிலையம்,
பதினேழு வருஷத்துக்கு முன்பு.
ஜன்னலின் கீழ்விளிம்பை
ஓர் அடி இறக்கச் சொன்னார்.
ஓர் அடி!
எல்லாரும் வைப்பது தொண்ணூறு சென்டிமீட்டர்,
அதன் கீழே சுடுநீர்க் குழாய் ஓடுகிறது,
அதை எங்கே வைப்பது, என் தலையிலா?
அவர் பதில் சொல்லவில்லை.
நோயாளிகள் சாயும் நாற்காலி ஒன்றை
வாடகை வண்டியில் கொண்டுவந்து
சேறும் பனியும் கிடந்த தளத்தில் இறக்கினார்.
"உட்காருங்கள், குலவீரசிங்கம்."
எனக்கு வேலை இருந்தது. உட்காரவில்லை.

குழாயைத் தரைக்குள் புதைத்தேன்.
பத்தொன்பதாயிரம் டாலர் நட்டம்,
மூன்று கிழமை தாமதம்.
அன்றிரவு வீட்டில் அவரை நான் சொன்ன வார்த்தை
அச்சில் ஏறாது.

அவர் சங்கத் தலைவியானபோது சந்தோஷப்பட்டேன்,
இனித் தளத்துக்கு வர நேரமிராது என்று.
அங்கேயும் அதே பிடிவாதம்.
சம்பளமில்லாமல் ஒரு பிள்ளையையும்
வரைய உட்கார்த்தக் கூடாதென்று விதி கொண்டுவந்தார்;
பெரிய நிறுவனங்கள் இரண்டு
அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தின.
பாதி விலைக்கு வரைபடம் விற்றவரை
பெயர் சொல்லாமல்,
எல்லாருக்கும் தெரியும்படி கண்டித்தார்.

பிறகு அந்த நவம்பர்க் கூட்டம்.
ஒவ்வொருவரும் தான் விட்ட பிழை ஒன்றைப்
படத்தோடு காட்ட வேண்டும்.
முதல் பிழை அவருடையது:
டிரான்ஸ்கோனாவில் ஒரு பள்ளிக்கூடம்,
பிள்ளைகள் வாளிகளுக்கு நடுவே கணக்குப் படித்த குளிர்காலம்.
"கூரையின் சரிவை நான் தவறாகப் போட்டேன்" என்றாராம்.
கட்டியவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.
கட்டியவன் நானல்ல.
ஆனாலும் கேட்டபோது
வாயில் வைத்த சோறு இறங்கவில்லை.

இன்று மைனஸ் முப்பத்தொன்று.
என் இரத்தம் வெளியே போய்க் கழுவுண்டு வருகிறது.
கிழமைக்கு மூன்று நாள், நான்கு மணிநேரம்,
சாய்ந்தபடி.
எதிரே பஸ் தரிப்பிடம்.
தபால்காரி ஒருத்தி கால்மாற்றிக் கால்மாற்றிக் குதிக்கிறாள்.
ஒரு நாய்க்கு நான்கு காலுறை;
ஒவ்வொன்றாய் உதறிவிட்டு
எசமானைப் பார்க்கிறது.
நான் சொன்ன உயரத்தில் வைத்திருந்தால்
வானம் மட்டும் தெரிந்திருக்கும்.
ஜனவரியில் இங்கே வானமென்பது
இன்னொரு வெள்ளைச் சுவர்.

வாசலுக்கு அவர் தேர்ந்த செங்கல் நிறம்
இப்போதும் எனக்குப் பிடிக்காது.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாதி தேநீரை ஜன்னல் விளிம்பில் வைக்கிறார்,
அரைக் கோப்பை, அவ்வளவுதான் எனக்கு அளவு.
கோப்பைக்குள் தேநீர்
ஒரு பக்கம் ஏறி நிற்கிறது.
ரசமட்டம் தேவையில்லை.
ஆறு மில்லிமீட்டர்.
கோபத்தோடு பதித்த கல் அது;
அவர் பார்வையிட வந்த அன்று
என் கையுறைகளை அதன்மேல் போட்டுவைத்தேன்.

நவம்பர்க் கூட்டத்துக்கு
ஒப்பந்தக்காரரை அழைப்பதில்லை.
வலக்கையால் கைபேசியை உயர்த்தி
கோப்பையைப் படமெடுக்கிறேன்.
கை நடுங்குகிறது.
மறுபடி எடுக்கிறேன்,
சாய்வு தெளிவாகத் தெரியும்படி.